வால்வு மூடியிருக்கிறது என்று யார் சொன்னது?

எங்கள் வீட்டு மொட்டைமாடித் தொட்டிக்கு அடியில் ஒரு பித்தளை கேட் வால்வு இருந்தது. குளியலறையில் தண்ணீர் ரொம்ப வேகமாக வருகிறது என்று யாரோ ஒரு நாள் அதைப் பாதி மூடி வைத்தார்கள். பல வருஷம் அப்படியே கிடந்தது. பிறகொரு நாள் கீழே குழாய் உடைந்து தண்ணீர் பீய்ச்சியடிக்க, மாடிக்கு ஓடி வால்வைத் திருகினேன். சக்கரம் கொஞ்சம் சுற்றியது, இறுகி நின்றது. மூடிவிட்டேன் என்று நினைத்துக் கீழே வந்தால் தண்ணீர் வந்துகொண்டேயிருக்கிறது. தொட்டி முழுவதும் வடிந்த பிறகுதான் நின்றது. மறுநாள் பிளம்பர் கழற்றிக் காட்டினார். அடியில் போர்த் தண்ணீர் உப்பு கல்லாக இறுகிக் கிடந்தது. அதன்மேல் போய் முட்டியதைத்தான் நான் 'மூடியாச்சு' என்று எடுத்துக்கொண்டிருந்தேன். "சார், இது திறக்கவும் மூடவும் மட்டும்தான். பாதியில நிறுத்துறதுக்கு இது ஆகாது" என்றார்.

அனல்மின் நிலையத்திலோ எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையிலோ வேலை பழகப் போகிறவர்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடங்களில் இதுவும் ஒன்று. வால்வு என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோமே தவிர, அதற்குள் நான்கு வெவ்வேறு வேலைகள் இருக்கின்றன. ஓட்டத்தை அடியோடு நிறுத்துவது ஒன்று, அளவைக் கூட்டிக் குறைப்பது இன்னொன்று. போனது திரும்பி வராமல் தடுப்பதும், அழுத்தம் எல்லை மீறும்போது வெளியே விடுவதும் மற்ற இரண்டு. ஒன்றின் வேலையை இன்னொன்றின் தலையில் கட்டினால் உடனே எதுவும் ஆகாது. என் தொட்டி வால்வு மாதிரி, வேண்டிய நேரத்தில்தான் கையை விரிக்கும்.

கேட் வால்வு பார்க்கப் பெரிதாக இருந்தாலும் உள்ளே நடப்பது எளிமையானது. குழாயின் குறுக்கே ஓர் உலோக ஆப்பு இறங்குகிறது, ஏறுகிறது. சக்கரத்தைச் சுற்றினால், ஸ்பிண்டில் என்னும் தண்டில் வெட்டியிருக்கும் மரை அந்த ஆப்பைத் தூக்கும். முழுக்கத் தூக்கிவிட்டால் அது மேலே தன் அறைக்குள் போய் ஒதுங்கிக்கொள்ள, குழாய்க்குள் தடையே இல்லாத மாதிரி ஆகிவிடும். நம்மூர் குடிநீர் வாரியங்களில் இதற்கு ஸ்லூயிஸ் வால்வு என்று பெயர். ஸ்லூயிஸ் என்றால் மதகு. ஏரி மதகில் பலகையை இறக்கித் தண்ணீரை மறிக்கிறோமே, அதே வேலையை இரும்புக் குழாய்க்குள் செய்வதால் பெயர் சரியாகத்தான் பொருந்துகிறது.

ஆப்பைப் பாதியில் நிறுத்தினால் அதன் கீழ் விளிம்பு வேகமான ஓட்டத்தில் தொங்கிக்கொண்டு நடுங்கும். ஆப்புக்கும் அது போய் உட்காரும் வளையமான சீட்டுக்கும் இடையே உள்ள குறுகிய இடைவெளியில் தண்ணீரோ நீராவியோ பாய்ந்து உலோகத்தையே அரித்துவிடும். நீராவிக் குழாயில் இந்தச் சேதத்தைப் பார்த்தால் யாரோ மெல்லிய கம்பியை வைத்து இழுத்து இழுத்துக் கோடு போட்ட மாதிரி இருக்கும். அதற்கப்புறம் எவ்வளவு இறுக்கினாலும் அந்தக் கோட்டின் வழியே கசியும். ஆலைகளில் இதை 'வால்வு பாஸ் ஆகுது' என்பார்கள். வெளியே ஒரு சொட்டும் தெரியாது. உள்ளுக்குள் போய்க்கொண்டே இருக்கும்.

சூட்டில் கேட் வால்வுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. கொதிக்கும் குழாயில் இறுக்கி மூடிவிட்டு ஆறவிட்டால், வால்வின் உடல் சுருங்கி ஆப்பைக் கவ்விக்கொள்ளும். அடுத்த முறை திறக்க முடியாது. இதற்காகவே ஆப்பை ஒரே கட்டியாக வார்க்காமல், ஓரத்தைச் சுற்றி வெட்டு விட்டுக் கொஞ்சம் வளைந்துகொடுக்கும்படி செய்கிறார்கள்.

ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டுமானால் குளோப் வால்வுக்குத்தான் போக வேண்டும். அந்தக் காலத்தில் உடல் உருண்டையாக இருந்ததால் வந்த பெயர் அது. உள்ளே நடுவில் ஒரு தடுப்புச் சுவர், அதில் ஒரு வட்டத் துளை, துளையை மேலிருந்து மூடும் ஒரு வட்டு. உள்ளே வரும் நீர் ஒரு முறை மேலே ஏறி, துளை வழியாகப் போய், மறுபடி இறங்கி வெளியேற வேண்டும். வட்டு எவ்வளவு உயர்கிறதோ கிட்டத்தட்ட அந்த விகிதத்தில் ஓட்டமும் கூடுவதால் கட்டுப்பாடு கைக்கு வருகிறது. வட்டு குறுக்கே சறுக்காமல் சீட்டின் மேல் நேராக வந்து அமர்வதால் தேய்மானமும் குறைவு. நம் வீடுகளில் சுற்றித் திறக்கும் பழைய பித்தளைக் குழாயும் உள்ளுக்குள் இதே வகைதான். வாஷர் தேய்ந்து சொட்டும்போது நாம் மாற்றுவது அந்த வட்டின் முகத்தை.

இந்த வளைந்த பாதைக்கு ஒரு விலை கொடுக்க வேண்டும். 100 மி.மீ. குழாயில் முழுதாகத் திறந்த ஒரு கேட் வால்வு சுமார் 80 சென்டிமீட்டர் நேர்க்குழாய் அளவுக்குத்தான் தடை தரும் என்பது பொறியாளர்கள் பயன்படுத்தும் கணக்கு. அதே குழாயில் குளோப் வால்வைப் போட்டால் 34 மீட்டர் குழாய்க்குச் சமமான தடை. பம்பு அந்த 34 மீட்டரையும் சேர்த்துத் தள்ள வேண்டும், அதற்கு மின்சாரம் செலவாகும். அதனால் நீண்ட தூரப் பிரதானக் குழாய்களில் இதைப் போடமாட்டார்கள். நீராவிக் கிளைகள், பாய்லருக்குத் தண்ணீர் செல்லும் பாதையின் பைபாஸ் போன்ற இடங்கள்தான் இதற்கு வீடு. உடலில் அம்புக்குறி ஒன்று வார்த்திருப்பார்கள். பெரும்பாலும் நீர் வட்டின் அடியிலிருந்து மேலே வரும்படிதான் இணைக்க வேண்டும். அப்போதுதான் மூடியிருக்கும் நேரத்தில் ஸ்பிண்டில் பக்கம் அழுத்தம் இருக்காது, கசிவும் குறையும்.

துளையின் மேல் அடைப்பான் வந்து உட்காரும் இந்த யோசனையை நம் ஏரிகளில் கல்லிலேயே பார்க்கலாம். பழைய ஏரிகளின் உள்ளே, கரையிலிருந்து சற்றுத் தள்ளி, இரண்டு கல்தூண்கள் நின்றுகொண்டிருக்கும். சிலவற்றில் கல்வெட்டும் உண்டு. அதுதான் குமிழித் தூம்பு. தூண்களுக்கு நடுவே குறுக்குக் கற்கள், அவற்றின் துளை வழியே இறங்கும் ஒரு தண்டு, தண்டின் முனையில் தரைமட்டத் துளையை அடைக்கும் கூம்பு. தூக்கினால் தண்ணீர் துளைக்குள் இறங்கி, கரைக்கு அடியில் போகும் கால்வாய் வழியே வயலுக்குச் செல்லும். இன்றைய குளோப் வால்வு இதிலிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை. தண்டு, தண்டை நேராக நிறுத்தும் வழிகாட்டி, அடைப்பான், சீட் என்று நான்கு உறுப்புகளும் இரண்டிலும் இருக்கின்றன, அவ்வளவுதான்.

அந்தத் தண்டுதான் இன்றைய வால்வின் பலவீனமான இடமும். உள்ளே அழுத்தம், வெளியே காற்று, நடுவே சுழலும் ஒரு கம்பி. அதைச் சுற்றிக் கயிறு போன்ற பேக்கிங்கை அடைத்து, மேலே கிளாண்ட் என்னும் வளையத்தால் அழுத்திப் பிடிக்கிறார்கள். ஒரு காலத்தில் இது கல்நார்க் கயிறு. இப்போது பெரும்பாலும் கிராஃபைட் அல்லது டெஃப்ளான். சொட்டினால் கிளாண்ட் நட்டைக் கொஞ்சம் இறுக்குவார்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் ஸ்பிண்டில் சுற்றாது. நச்சு வாயுவாக இருந்தால் பேக்கிங்கை மட்டும் நம்ப முடியாது. அங்கே தண்டைச் சுற்றி அக்கார்டியன் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பான ஓர் உலோகக் குழலைப் பற்றவைத்து, வெளியேறும் வழியையே அடைத்துவிடுகிறார்கள்.

என் வீட்டுப் பிளம்பர் கடைசியில் மாட்டியது பால் வால்வு. நடுவில் துளையிட்ட ஓர் உலோக உருண்டை, கால் சுற்று திருப்பினால் துளை குழாயோடு நேராகும், இன்னொரு கால் சுற்றில் குறுக்காகிவிடும். கைப்பிடி குழாயோடு இணையாக இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. தூரத்தில் நின்றே நிலையைச் சொல்லிவிடலாம் என்பதை நான் இதன் பெரிய சிறப்பாக நினைக்கிறேன். ஏன் என்று பின்னால் வரும். உருண்டையின் இரு பக்கமும் டெஃப்ளான் வளையங்கள். உள்ளே வரும் அழுத்தமே உருண்டையைப் பின்பக்க வளையத்தின் மேல் அழுத்துவதால் அடைப்பு இறுக்கமாக இருக்கும். பெரிய அளவிலும் உயர் அழுத்தத்திலும் அந்த விசை தாங்க முடியாத அளவுக்குப் போய்விடும். அங்கே உருண்டையை மேலும் கீழும் அச்சில் பொருத்திவிட்டு, வளையத்தைச் சுருள்வில்லால் உருண்டையை நோக்கித் தள்ளுகிறார்கள். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடும் எரிவாயுக் குழாய்களில் இருப்பவை இவைதான். அந்தக் குழாய்களைச் சுத்தம் செய்ய உள்ளே ஓடவிடும் 'பிக்' என்னும் கருவிக்கும் இது வசதி. உருண்டையின் துளை குழாயின் அதே விட்டத்தில் இருந்தால் பிக் தடையில்லாமல் கடந்து போகும்.

டெஃப்ளான் சுமார் 200 டிகிரி செல்சியஸ் வரை நன்றாக உழைக்கும். அதற்கு மேல் சூடான நீராவிக்கு இது ஒத்துவராது. தீப்பிடித்தால் வளையம் உருகிப் போகும் என்பதால், எண்ணெய் ஆலைகளுக்கான பால் வால்வுகளில் பின்னால் ஓர் உலோக உதட்டையும் வைத்திருப்பார்கள். வளையம் எரிந்தாலும் உருண்டை நகர்ந்து அந்த உதட்டில் ஓரளவு அடைத்துக்கொள்ளும். தீ வைத்தே இதைச் சோதிக்கும் தரவிதிகளும் உண்டு.

எதிர்முனைக் குளிர் இன்னும் சுவாரசியமானது. எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் 2019-இல் திறக்கப்பட்ட முனையம் போன்ற இடங்களில் திரவ இயற்கை எரிவாயு மைனஸ் 162 டிகிரியில் கையாளப்படுகிறது. மூடிய பால் வால்வின் உருண்டைத் துளைக்குள் சிக்கிய திரவம் சூடேறி வாயுவாக விரியத் தொடங்கினால், போக இடமில்லாமல் வால்வையே பிளந்துவிடும். அதனால் உருண்டையின் ஒரு பக்கத்தில் சிறு துளை போட்டு, உள்ளே சிக்கியது அழுத்தம் வரும் பக்கமாகவே திரும்பிப் போக வழி விடுகிறார்கள். ஓட்டை போட்டதால்தான் அந்த வால்வு பிழைக்கிறது! ஆனால் இனி அதை ஒரு திசையில்தான் மாட்ட வேண்டும். இத்தகைய வால்வுகளுக்குக் கழுத்தும் நீளம். பேக்கிங் உறைந்துபோகாமல் குளிரிலிருந்து தள்ளி நிற்க வேண்டுமே.

விட்டம் பெரிதாகப் பெரிதாக கேட் வால்வும் பால் வால்வும் எடையிலும் விலையிலும் எங்கோ போய்விடுகின்றன. ஒரு மீட்டர் விட்டமுள்ள குளிரூட்டும் நீர்க்குழாய்க்கு ஒரு மீட்டருக்கு மேல் உயரும் ஆப்பு வேண்டுமென்றால் அது வால்வு இல்லை, கட்டடம். அங்கே பட்டர்ஃபிளை வால்வுதான் போடுவார்கள். குழாய் நடுவே ஒரு வட்டத் தகடு, கால் சுற்றில் திரும்பும். குழாய் முனைகளில் இருக்கும் ஃபிளாஞ்ச் என்னும் இரண்டு வளையத் தட்டுகளுக்கு நடுவே பிஸ்கட் மாதிரி செருகிவிடலாம். குறை என்னவென்றால் திறந்திருக்கும்போதும் தகடு நீரின் நடுவிலேயே நிற்கும், பிக் எதுவும் தாண்ட முடியாது. சாதாரண வகையில் ரப்பர் உறை அடைப்பதால் தண்ணீருக்குப் போதும். அச்சை மையத்திலிருந்து மூன்று விதமாக விலக்கிய வகை இப்போது நீராவிக்கும் வந்துவிட்டது. அதில் தகடு மூடும் கடைசி நொடியில் மட்டுமே சீட்டைத் தொடும். உரசல் இல்லாததால் உலோகத்தை உலோகமே அடைக்கிறது.

கால் சுற்று வால்வுகளிடம் ஓர் ஆபத்து இருக்கிறது. சட்டென்று மூடிவிட முடியும். ஓடிக்கொண்டிருக்கும் நீர்த்தூணை ஒரே அடியில் நிறுத்தினால், அது சுத்தியலாக மாறித் திருப்பி அடிக்கும். ரஷ்யப் பொறியாளர் நிகோலாய் ஷுக்கோவ்ஸ்கி 1890களின் கடைசியில் மாஸ்கோ குடிநீர்க் குழாய்களில் சோதித்துக் கண்ட விதி இது. நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் நீரை எஃகுக் குழாயில் திடீரென நிறுத்தினால் அழுத்தம் பத்து பாருக்கு மேல் எகிறும் (ஒரு பார் என்பது கிட்டத்தட்ட வளிமண்டல அழுத்தம்). குழாயில் ஏற்கெனவே இருக்கும் அழுத்தத்தோடு இதையும் கூட்டிக்கொள்ளுங்கள். பெரிய பால், பட்டர்ஃபிளை வால்வுகளில் கைப்பிடிக்குப் பதில் கியர்ப்பெட்டி வைத்து, அறுபது எழுபது சுற்று சுற்றவிடுவது கைவலிக்காக மட்டும் இல்லை.

போனது திரும்பி வராமல் தடுக்கும் மூன்றாவது வேலைக்காரருக்கு முதலாளியே கிடையாது. கைப்பிடி இல்லை, ஸ்பிண்டில் இல்லை. ஓட்டமே திறக்கிறது, ஓட்டமே மூடுகிறது. ஆலைகளில் என்ஆர்வி (நான்-ரிட்டர்ன் வால்வு) என்றும், கிணற்று மோட்டார் வைத்திருப்பவர்களிடம் ஃபுட் வால்வு என்றும் பெயர். கிணற்றில் உறிஞ்சு குழாயின் அடியில் சல்லடையோடு தொங்கும் அது, மோட்டார் நின்ற பிறகு குழாயில் உள்ள தண்ணீர் திரும்பக் கிணற்றுக்குள் இறங்காமல் தாங்கிப் பிடிக்கிறது. பிடிக்காவிட்டால் குழாயில் காற்று நிறைந்து, அடுத்த முறை மோட்டார் சும்மா சுற்றும். ஒரு குச்சியோ சேறோ சிக்கி ஃபுட் வால்வு பாஸ் ஆகும்போது, பம்பின் வாயில் சாணியைக் கரைத்து ஊற்றுவதைக் கிராமத்தில் பார்த்திருப்பீர்கள். சாணி நார் சின்னச் சின்ன இடுக்குகளை அடைத்துத் தற்காலிகமாகத் தண்ணீரை நிறுத்தும். பொறியியல் புத்தகங்களில் இது இல்லை, ஆனால் வேலை செய்யும்.

நம் இதயத்தில் இருப்பவையும் இதே வகை, நான்கு என்ஆர்விகள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா நிறுவனம் உருவாக்கி 1990-இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்ட செயற்கை இதய வால்வு, சாய்ந்து திறக்கும் ஒரு வட்டுதான். அதைத் தயாரித்து விற்ற டிடிகே குழுமத்தின் பிரெஷர் குக்கர் பல வீடுகளில் இருக்கும். வால்வு வியாபாரம் இரண்டு பக்கமும்.

அப்புறம், குக்கர் என்று வந்தபின் பாதுகாப்பு வால்வைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. இரண்டும் ஒரே ஆளின் கண்டுபிடிப்பு. டெனி பப்பான் என்ற பிரெஞ்சுக்காரர் 1679-இல் லண்டனில் எலும்பையும் வேகவைக்கும் இறுக்கமான பாத்திரம் ஒன்றைச் செய்தார். வெடித்துவிடாமலிருக்க அதன் மூடித் துளை ஒன்றின் மேல் நெம்புகோலும் எடைக்கல்லும் வைத்தார். நம் குக்கர் வெயிட்டின் கொள்கை அதுவேதான். துளையின் பரப்பும் வெயிட்டின் எடையும் சேர்ந்து வளிமண்டலத்துக்கு மேல் சுமார் ஒரு பார் என்று எல்லை போடுகின்றன, அதனால் உள்ளே 120 டிகிரிக்குச் சற்று மேல் வரை போகும். வெயிட் அடைத்துக்கொண்டால் உருகி வழிவிட மூடியில் ஓர் ஈயக்கலவைக் குமிழ். ஒன்று தவறினால் இன்னொன்று என்ற ஏற்பாடு சமையலறையிலேயே இருக்கிறது.

பாய்லரில் எடைக்கல்லுக்குப் பதில் சுருள்வில். குறித்த அழுத்தம் வந்ததும் வட்டு லேசாக எழும். வெளியேறும் நீராவி வட்டின் அகன்ற விளிம்பில் பட்டதும், தள்ளும் பரப்பு சட்டெனக் கூடி, 'பொப்' என்று முழுக்கத் திறந்துவிடும். அழுத்தம் எல்லைக்குக் கொஞ்சம் கீழே இறங்கிய பிறகே மூடும். இல்லாவிட்டால் எல்லைக்கோட்டிலேயே நின்று படபடவென்று அடித்துச் சீட்டை நாசமாக்கிக்கொள்ளும். பத்தொன்பதாம் நூற்றாண்டு ரயில் ஓட்டுநர்கள் வேகத்துக்காக இந்த வால்வை அமுக்கிக் கட்டி வைப்பார்கள். வெடித்த எஞ்சின்கள் பல. 1850களில் ஆங்கிலேயப் பொறியாளர் ஜான் ராம்ஸ்பாட்டம் செய்த வால்வின் சிறப்பே, ஓட்டுநரால் அதை இறுக்க முடியாது என்பதுதான். இன்றும் பாதுகாப்பு வால்வுக்கு சீல் வைத்திருப்பார்கள். அதற்கும் கலனுக்கும் நடுவே வேறு வால்வு இருக்கக் கூடாது. இருந்தே தீர வேண்டுமென்றால் திறந்த நிலையில் பூட்டியிருக்க வேண்டும். இந்தியாவில் பாய்லரில் பொருத்தும் வால்வுகள் 1950-ஆம் ஆண்டு இந்திய பாய்லர் ஒழுங்குவிதிகளின்படி சான்று பெற்றவையாக இருக்க வேண்டும். 540 டிகிரி நீராவியைத் தாங்கும் வால்வுகளை வார்த்துக் கடைந்து சோதிக்கும் தொழில் தமிழ்நாட்டில் ஆழமாகவே வேரூன்றியிருக்கிறது. திருச்சி பெல் நிறுவனம் பாய்லர்களோடு அவற்றுக்கான வால்வுகளையும் செய்கிறது. கோயம்புத்தூர், காஞ்சிபுரம் பக்கமும் வால்வு ஆலைகள் உண்டு.

வால்வு வாங்கும்போது பலர் ஏமாறும் இடம் ஒன்று: உடலில் 150 என்று பொறித்திருக்கும். அது அழுத்தம் இல்லை, வகுப்பு. சாதாரண கார்பன் எஃகில் வார்த்த 150 வகுப்பு வால்வு அறை வெப்பத்தில் 19.6 பார் தாங்கும். 400 டிகிரியில் அதே வால்வுக்கு 6.5 பார்தான் எல்லை. சூடு ஏற ஏற எஃகு பலமிழப்பதால் அழுத்தத்தை மட்டும் பார்த்து வாங்கிவிட முடியாது. ஆலையிலிருந்து வெளியே வருமுன் உடலில் எல்லையைப்போல் ஒன்றரை மடங்கு அழுத்தத்தில் தண்ணீரை ஏற்றிச் சோதிப்பார்கள்.

பெரிய ஆலையில் கைச்சக்கரத்தைவிட, காற்றாலோ மோட்டாராலோ இயங்கும் வால்வுகளே முக்கியம். கட்டுப்பாட்டு அறையிலிருந்து 4 முதல் 20 மில்லி ஆம்பியர் மின்னோட்டமாகக் கட்டளை போகும். 4 என்றால் ஒரு கோடி, 20 என்றால் மறுகோடி. பூஜ்யத்தில் ஏன் தொடங்கவில்லை? பூஜ்யம் வந்தால் கம்பி அறுந்துவிட்டது என்று தெரிந்துகொள்வதற்காக. காற்று நின்றுபோனால் வால்வு எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்து, அதற்கேற்பச் சுருள்வில்லை வைப்பார்கள். எரிபொருள் வால்வு மூட வேண்டும், குளிரூட்டும் நீர் வால்வு திறக்க வேண்டும்.

ஆனால் கட்டளை போனதும் வால்வு கேட்டதும் வேறு வேறு விஷயம். 1979 மார்ச் 28 அதிகாலை நான்கு மணிக்கு, அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தின் இரண்டாம் அலகில் அழுத்தம் எகிறி, அதை விடுவிக்கும் வால்வு சரியாகவே திறந்தது. சில நொடிகளில் மூட வேண்டியது, மூடாமல் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டுப் பலகையில் விளக்கு அணைந்தது. அந்த விளக்கு காட்டியது வால்வின் நிலையை அல்ல. மூடு என்ற மின்சைகை போயிற்றா என்பதை மட்டும். ஆபரேட்டர்கள் வால்வு மூடிவிட்டது என்று நம்பினார்கள். உலையின் குளிர்நீர் வெளியேறிக்கொண்டிருந்தபோது, நீர் அதிகமாக இருக்கிறது என்று எண்ணி அவசர நீரேற்றத்தையும் குறைத்தார்கள். வரிசையில் அடுத்திருந்த தடுப்பு வால்வை ஒருவர் மூட இரண்டே கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதற்குள் உலையின் எரிபொருள் உருகத் தொடங்கியிருந்தது. கடைசியில் சுமார் பாதி உருகிப்போனது. அதே காலையில் உதவி நீர்ப்பாதையின் இரண்டு வால்வுகளும் மூடிக் கிடந்தன. பராமரிப்புச் சோதனைக்குப் பின் திறக்காமல் விட்டிருந்தார்கள். எட்டு நிமிடம் கழித்துத்தான் கவனித்தார்கள்.

பைப்பர் ஆல்ஃபாவில் வால்வே அங்கு இல்லை. வட கடலில் இருந்த அந்த எண்ணெய் மேடையில் 1988 ஜூலை 6 அன்று ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைச் சோதனைக்காகக் கழற்றி, அந்த வாயில் ஒரு தகட்டு மூடியைப் பொருத்தியிருந்தார்கள். அது கசியாத அளவுக்கு இறுக்கப்படவில்லை. இரவு ஷிப்டுக்கு இந்தத் தகவல் போய்ச் சேரவில்லை. மாற்றுப் பம்பு நின்றுபோக, இதை ஓட்டினார்கள். மூடி கசிந்தது, வெடித்தது. 167 பேர் இறந்தார்கள். வால்வு உயரத்தில் இருந்ததால், பம்பின் அருகே நின்றவர்களுக்கும் அது இல்லை என்பது கண்ணில் படவில்லை.

இதற்கெல்லாம் பிறகு ஆலைகளில் பழக்கங்கள் இறுகின. முக்கியமான வால்வுகளில் தண்டோடு சேர்ந்து நகரும் ஸ்விட்ச் வைத்து உண்மையான நிலையைப் பலகைக்கு அனுப்புகிறார்கள். பழுதுபார்க்கப் போகிறவர் தன் பூட்டைத் தானே போட்டுச் சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்கிறார். கலனுக்குள் ஆள் இறங்க வேண்டுமென்றால் மூடிய வால்வை, அது எவ்வளவு நல்ல வால்வாக இருந்தாலும், நம்புவதில்லை. குழாயைப் பிரித்து இடையே கனத்த தகட்டைச் செருகுகிறார்கள். அல்லது இரண்டு வால்வுகளை மூடி, நடுவிலிருக்கும் சிறு வால்வைத் திறந்துவிடுகிறார்கள். முதலாவது பாஸ் ஆனால் நடுவே வெளியே வரும், கண்ணுக்குத் தெரியும்.

தெருவுக்கடியில் புதைந்த குடிநீர் வால்வுகளுக்கு ஸ்விட்சும் இல்லை, விளக்கும் இல்லை. இடம் போதாததால் தண்டு மேலே எழாத வகையைத்தான் போடுவார்கள். வெளியே பார்த்து நிலையைச் சொல்ல வழியே இல்லை. நகராட்சி வால்வுமேன் டி வடிவச் சாவியைக் குழிக்குள் விட்டுச் சுற்றும்போது, வாய்க்குள் எண்ணிக்கொண்டே சுற்றுவார். எந்தத் தெரு வால்வுக்கு எத்தனை சுற்று என்பது அவர் நினைவில்தான் இருக்கிறது. முழுக்கத் திறந்த பிறகு கால் சுற்று பின்னால் திருப்பிவிட்டு வருவதும் இந்தத் தொழிலில் பழைய பழக்கம். அடுத்து வருகிறவர் கைவைத்ததும் சக்கரம் இரு பக்கமும் கொஞ்சம் அசையும். திறந்துதான் இருக்கிறது, துருவில் பிடித்துக்கொள்ளவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும்.